அவர் வாரம், என் வாரம்

ஜனவரி 19, ஞாயிறு

கோபம் வந்தால் எழுதுங்கள் என்றார் ஹசீனா மேடம். எனக்கு என்ன கோபம்? சத்தமாகப் பேசுவேன், அவ்வளவுதான். திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் அத்தனை மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று வேலை வாங்குகிறவள் கிசுகிசுவென்று பேச முடியுமா? சரி, சொல்லிவிட்டார்கள், எழுதித் தொலைக்கிறேன்.

நானும் நல்லசிவமும் பிரிகிறோம். கேட்டது அவர்தான். போன ஆடியில் ஒரு நாள் காலையில் இட்லியைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்கு, "உன் முன்னாடி எனக்குப் பேச்சே வரமாட்டேங்குது பூங்கொடி" என்றார். இது ஒரு காரணமா? எம்ப்ராய்டரி மிஷின் சர்வீஸுக்குப் போகிற இடத்திலெல்லாம் நன்றாகத்தானே பேசுகிறார். வேறு எவளாவது இருப்பாள் என்று அண்ணன் விசாரித்துப் பார்த்தார். ஒருத்தியும் இல்லை. எவளாவது இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கோர்ட்டுக்கு ஒருவரை ஒருவர் இழுக்காமல் உட்கார்ந்து பேசிப் பிரிகிற வழி ஒன்று இருக்கிறதாம். அவருக்கு ஒரு வக்கீல், உமாபதி. எனக்கு ஜெசிந்தா. நடுவில் ஹசீனா மேடம், மனநல ஆலோசகர். ஐந்து பேரும் கோயம்புத்தூரில் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவோம். எல்லாம் பேசி முடிந்த பிறகு, பேசியதை மனுவாக எழுதி நீதிபதியிடம் கொடுத்து முத்திரை வாங்கினால் போதும், சண்டை கிடையாது. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டோம்.

பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகள் தாரிகா, ஆறாம் வகுப்பு. அவள் யாரிடம் இருப்பாள் என்பது. அதில் பேச என்ன இருக்கிறது, என்னிடம்தான்.

அது முடிவாகும் வரை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளை அங்குமிங்கும் அலையக்கூடாதாம். அவள் வீட்டிலேயே இருப்பாள், நாங்கள்தான் மாறி மாறி வந்து போக வேண்டும். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். ஞாயிறு பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், ஆள் மாறுவது. கேட்டதும் அண்ணன் தங்கராசு, "ஏம்மா, கம்பெனி ஷிஃப்டா அது?" என்றார். ஷிஃப்டேதான்.

இன்று அவர் வாரம் தொடங்கியது. நான் அனுப்பர்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். தாரிகாவுக்குப் பாலில் ஆடை கூடாது, யூனிஃபார்ம் முதல் நாளே அயர்ன் செய்ய வேண்டும், தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போட வேண்டும் என்று அவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜனவரி 21, செவ்வாய்

போன் செய்தேன். "நல்லா இருக்கனுங்கம்மா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாடா.

அடுப்படியைப் பார்த்ததும் வந்த அப்பாடா போய்விட்டது. உப்பு டப்பா இருந்த இடத்தில் சர்க்கரை இருக்கிறது. என் இரும்பு வாணலியைக் கரிய விட்டு, அதைக் கம்பியால் சுரண்டி வைத்திருக்கிறார் மனுஷன். ஃப்ரிட்ஜில் பாதி தின்ற பஃப்ஸ். அதைவிட, பிள்ளையின் முன்முடியை நெற்றியோடு வெட்டிவிட்டிருக்கிறார்கள். யார் வெட்டியது என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடி முன்னால் நின்று வெட்டினார்களாம்.

"அறிவிருக்கா? பொம்பளப் புள்ள நெத்தி முடிய யாராவது இப்படிக் கொத்தி வெப்பாங்களா?" என்று கேட்டேன். ஊருக்கே கேட்டிருக்கும். அவர் அதற்குள் படி இறங்கிப் போயிருந்தார். தாரிகாதான் நின்றாள். துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் சொல்லவே இல்லை, தானாகத் துடைத்தாள். அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

உப்பைப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஜனவரி 30, வியாழன்

ஷிப்மெண்ட் நெருக்கடி. குழந்தைகள் டீ ஷர்ட், கழுத்துப் பட்டியில் தையல் கோணலாக ஓடியிருக்கிறது. ஒரு பீஸைத் தொட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். கட்டோடு தூக்கி ரிஜெக்ட் கூடையில் போட்டேன். புதிதாக வந்த பெண் ஒருத்தி அழுதுவிட்டாள். "அழுதா தையல் நேராயிருமா? பிரிச்சு அடி" என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "பூங்கொடியக்கா இருக்கறவரைக்கும் எம்பட கம்பெனியில ஒரு பீஸ் திரும்பி வராதுங்க" என்று சரக்கு வாங்க வந்த பையரிடம் சொன்னார். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தாரிகாவின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள். முத்து முத்தாக எழுதினாள். இவளை அவரிடம் விட்டால் இந்தக் கையெழுத்து என்ன ஆகும்?

பிப்ரவரி 6, வியாழன்

கோயம்புத்தூர் போய் வந்தேன். வந்த வேகத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

அந்த மேஜையில் ஒரு வழக்கம். வக்கீல் வழியாகப் பேசக்கூடாது, சம்பந்தப்பட்டவரைப் பார்த்து நேராகச் சொல்ல வேண்டும். அவர் இத்தனை நாள் தண்ணீர் தம்ளரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தாரிகா எங்கூட இருக்கட்டும் பூங்கொடி. எனக்கு அவ வேணும்."

இவருக்கு வேண்டுமாமே! காய்ச்சல் வந்தால் எந்த மருந்து என்று தெரியுமா? அவள் எந்த செக்‌ஷன் என்று கேட்டால் யோசிப்பாரே!

"ஏனுங்க, வெளையாடறீங்களா? நீங்க விட்டுட்டுப் போனீங்க. போனவருக்குப் புள்ள எதுக்கு?"

"உன்னைய விட்டுட்டுத்தான் போனேன். அவள இல்ல."

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. "கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்று கத்தினேன். அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா மேடம் என்னை வெளியே கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் எதற்கும் பதறாத ஆள். "பூங்கொடி, நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். யாரும் தடுக்க மாட்டோம். ஆனா நாம கையெழுத்துப் போட்டதுல என்ன இருக்கு? யாராவது ஒருத்தர் கேஸ் போட்டா நானும் விலகணும், உமாபதி சாரும் விலகணும், ஹசீனாவும் விலகணும். இங்க பேசுனது எதையும் அங்க கொண்டுபோக முடியாது. மொதல்லேருந்து வேற ஆளை வெச்சு ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் அந்த விதியே. கோவத்துல சொல்ற வார்த்தையா, நெஜமா சொல்ற வார்த்தையான்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கோபம், கோபம், கோபம். இவர்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்காதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். படியேறும்போது கீழ் வீட்டுச் சரசக்கா பிடித்துக்கொண்டார். இவர்தான் இந்தத் தெருவின் ரேடியோ.

"ஏம் பூங்கொடி, உம்பட புள்ளைக்கு இத்தினி நல்ல தொண்டைன்னு நீ சொல்லவே இல்லயே? போன வாரம் பூராம் மேல ஒரே பாட்டு. டிபன் கேரியரத் தட்டிட்டுப் பாடறா, கேட்டுட்டே நான் ரசத்தத் தீய உட்டுட்டேன்."

தாரிகா பாடுவாளா? எனக்குத் தெரியாது என்று சரசக்காவிடம் காட்டிக்கொள்ள முடியுமா? "ஆமாங்கக்கா, சும்மா ஆசைக்குப் பாடுவா" என்றேன்.

மேலே வந்து கேட்டேன். "பாடுவியாமே?"

"சும்மாங்கம்மா."

"எங்க, பாடு கேக்கலாம்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸ்கூலில் இன்ஸ்பெக்டர் வந்தால் நிற்பார்களே, அப்படி. ஏதோ முணுமுணுத்தாள். நேராக நின்று, வாயைத் திறந்து, வார்த்தையை விழுங்காமல் பாடு என்று நல்ல விதமாகத்தான் சொன்னேன். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பரீட்சைப் பயமாக இருக்கும். பாட்டை விட்டுவிட்டுச் சோறு போட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் அவள் கையிலிருந்து தம்ளர் நழுவியது. கீழே விழும் முன்பே "சாரிங்கம்மா, சாரிங்கம்மா" என்கிறாள். விழுந்தது காலித் தம்ளர்தான். நான் அதட்டக்கூட இல்லை. பொறுப்பான பிள்ளை. எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறார்கள்?

பிப்ரவரி 20, வியாழன்

அவர் வாரம். அண்ணன் என்னை இங்கேயே, திருப்பூரில், ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். மேஜையில் கண்ணாடி, சுவர் முழுக்கப் புத்தகம், கோர்ட்டுக்குப் போகிற அவசரம். சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பொம்பளப் புள்ள, வயசுக்கு வர்ற நேரம். ஊர் ஊராச் சுத்தற மெக்கானிக்கிட்டக் குடுப்பாங்களா? தொண்ணூறு சதம் உங்க பக்கம்தானுங்க. இந்த மேஜைப் பேச்செல்லாம் எதுக்கு? கையெழுத்துப் போடுங்க, திங்கக்கெழம ஃபைல் பண்ணிர்லாம்."

அண்ணன் பேனாவை எடுத்து நீட்டினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாள் கழித்து ஒருவர் என் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்கிறார். ஆனாலும் கை போகவில்லை. அடுத்த வாரம் ஹசீனா மேடம் தாரிகாவைத் தனியாகப் பார்க்கப் போகிறார். என் பிள்ளை என்னைத்தான் சொல்வாள். அவள் வாயால் சொல்லிவிட்டால் அந்த மேஜையிலேயே முடிந்துவிடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

"ஒரு மாசம் பொறுங்கண்ணா" என்றேன்.

"நீ எப்பப் பொறுத்த?" என்று ஆச்சரியப்பட்டார் அண்ணன்.

பிப்ரவரி 26, புதன்

கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லி, தாரிகாவை ஹசீனா மேடத்திடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, முறுக்கு வாங்கிக் கொடுத்து, பக்குவமாகச் சொன்னேன். பொய் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளதைத்தான் கோவையாகச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அம்மாதான் எல்லாம் செய்வாங்க. அப்பாவுக்கு வேலை நேரம் சரியில்லை. எனக்கு அம்மாகூட இருக்கத்தான் பிடிக்கும். மூன்று வாக்கியம். அவிநாசி தாண்டுவதற்குள் ஒப்பித்துவிட்டாள். கெட்டிக்காரி.

அவள் உள்ளே இருந்த நேரமெல்லாம் நான் வெளியே மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்ததும், "சொன்னியா?" என்று கேட்டேன். "எல்லாம் சொல்லிட்டனுங்கம்மா" என்றாள். வரும் வழியில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். வெட்டிய முன்முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஒதுக்கிவிட்டுக்கொண்டே வந்தேன். இவள் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? இருக்கவே மாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஆள் மாற்றம். அவருக்குப் புளிக்குழம்பு வைத்துவிட்டு வந்தேன். அவருக்காக இல்லை, புளி வீணாகிவிடும் என்றுதான்.

மார்ச் 13, வியாழன்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

மேஜையில் ஹசீனா மேடம் பேசினார். மெதுவாகப் பேசுகிற அம்மா. இன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார்.

"தாரிகா எங்கிட்ட மூணு விஷயம் சொன்னா. ஒரே மூச்சுல, கண்ண மூடிட்டு. சொல்லி முடிச்சிட்டு, 'கரெக்டாச் சொல்லிட்டனா ஆன்ட்டி? எதும் விட்டுட்டனா?'ன்னு கேட்டா."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. நல்லசிவம் தம்ளரையே திருப்பிக்கொண்டு இருந்தார்.

"சொல்லிக் குடுத்தா என்ன தப்பு? புள்ள பயந்து உளறிடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லலீங்க. அதுக்கப்புறமும் நாங்க நெறையப் பேசுனோம். ஆனா அத இங்க சொல்ல வேண்டாம்னு அவ கேட்டுக்கிட்டா. நானும் சரின்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னா?"

ஹசீனா மேடம் ஃபைலை மூடி வைத்தார்.

ஏப்ரல் 3 கடைசிப் பேச்சு என்று முடிவானது. அன்றைக்கும் ஒத்து வரவில்லை என்றால் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, அந்த வக்கீலைத் தயாராக இருக்கச் சொன்னேன். மூன்றாம் தேதி இங்கே இல்லையென்றால் நாலாம் தேதி அங்கே. இனி யார் தடுத்தாலும் கேட்கப் போவதில்லை. என் பிள்ளையை எனக்குத் தெரியும். அவளைக் குழப்பி விட்டிருக்கிறார்கள்.

மார்ச் 22, சனி

அவர் வாரம்தான். நாளைப் பொழுதோட போனால் போதும். ஆனால் லோடு மதியமே ஏறிவிட்டது, கம்பெனியில் சீக்கிரம் விட்டார்கள். அண்ணி பணியாரம் சுட்டிருந்தார். தாரிகாவுக்குப் பிடிக்குமே என்று தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு போனேன். சொல்லாமல் போகக்கூடாது என்பது மேஜையில் போட்ட விதிகளில் ஒன்று. பணியாரம் கொடுக்க என்ன விதி?

பாதிப் படியில் சத்தம் கேட்டது. முதலில் டிவி என்று நினைத்தேன்.

தாரிகா கத்துகிறாள். "தோத்தாங்கோளி! தோத்தாங்கோளி! அப்பா தோத்தாங்கோளி!" கட்டிலில் குதிக்கிற சத்தம். அவர் ஏதோ சொல்ல, "போங்கப்பா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல, நீங்க வேஸ்ட்டு!" என்கிறாள். ஏதோ விழுந்து உருண்டது, பாத்திரம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இப்போது சாரி சொல்வாள் என்று. சொல்லவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து, மூச்சு முட்ட, விக்கல் எடுக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அப்படியே பாட்டு ஆரம்பித்தது. சரசக்கா சொன்னது உண்மைதான். என் பிள்ளைக்கு நல்ல தொண்டை.

படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னை அவள் ஒரு நாளும் "போங்கம்மா" என்று சொன்னதில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

பிறகு எழுந்து போய் மணியை அடித்தேன். அடித்திருக்கக்கூடாது. "யாருங்க?" என்றாள். "அம்மா" என்றேன்.

பாட்டு நின்றது. உள்ளே ஓடுகிற சத்தம், எதையோ எடுத்து வைக்கிற சத்தம், தலையணையைத் தட்டுகிற சத்தம். கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முடியை ஒதுக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். என் பிள்ளை. எனக்குத் தெரிந்த பிள்ளை. அந்த அமைதியான முகத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பீற்றியிருக்கிறேன்!

"நாளைக்குத்தானுங்கம்மா உங்க வாரம்?" என்றாள். கேள்விதான் அது. வேறு எதுவும் இல்லை.

அவர் பின்னால் வந்து, "உள்ள வா பூங்கொடி, டீ போடறேன்" என்றார். பணியாரத்தைக் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று திரும்பிவிட்டேன். கீழே சரசக்கா ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை.

நான் அழவில்லை. அண்ணி கேட்டதற்கு, பஸ்ஸில் தூசி என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். சர்க்கரை உப்பு இருக்கிற இடத்தில் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 26, புதன்

எனக்கும் முடியும். நான் ஒன்றும் பேய் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து சத்தமே போடவில்லை. அவள் தயிரைக் கொட்டியபோது கூட, "போச்சாது போ, தொடச்சுக்கலாம்" என்றேன். அதற்கு அவள் என்னை இன்னும் பயந்து பார்க்கிறாள். காய்ச்சலா அம்மா என்று கேட்கிறாள். காய்ச்சலில்தான் அம்மா இப்படி இருப்பாள் என்று நினைக்கிறாள்!

இன்றைக்குப் பொழுதோட கேரம் போர்டை எடுத்தேன். "வா, ஒரு ஆட்டம்" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நன்றாக ஆடுகிறாள், விரல் நேராகப் போகிறது, அவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே காய் மூலைப் பையின் வாயில் நின்றது. ஊதினால் விழும். தாரிகா என்னை ஒரு தடவை பார்த்தாள். காயில் படாமல் ஸ்ட்ரைக்கரை வேறு பக்கமாக அடித்தாள்; அடுத்து என் கடைசிக் காய் விழுந்ததும், "அச்சச்சோ, நீங்கதானுங்கம்மா ஜெயிச்சீங்க" என்றாள்.

வேண்டுமென்றே தோற்கிறாள். பத்து வயது தாண்டிய பிள்ளை, அம்மா மனம் கோணாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தோற்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்னிடம் தோற்றுக்கொண்டு இருக்கிறாளோ!

"நல்லா ஆடுன" என்று சொல்லிவிட்டு, போர்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

மார்ச் 29, சனி

இப்போதே மாற முடியாதா? மாறலாம். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். அதுவரை அவள் என்ன செய்வாள்? கம்பெனியில் என்றால் கழுத்துப் பட்டியைப் பிரித்து மறுபடி அடிக்கலாம்.

அண்ணன் நாலாம் தேதிக்குக் கார் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 3, வியாழன்

எல்லோரும் நான் கத்துவேன் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தார்கள். தண்ணீர் ஜக்கைக்கூட எனக்கு எட்டாமல் வைத்திருந்தார்கள். கவனித்தேன்.

உமாபதி வக்கீல் ஏதோ தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நல்லசிவத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"ஏனுங்க, தாரிகா உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஜெசிந்தா மேடம் என் கையைத் தொட்டார். "பூங்கொடி, நல்லா யோசிச்சீங்களா? கோர்ட்டுன்னா உங்க பக்கம் சாதகமா வரலாம். உங்க வக்கீலா நான் அதச் சொல்லியாகணும்."

"தெரியுமுங்க மேடம். அங்க போனா எனக்குத்தான் கெடைக்கும்."

"அப்பறம் ஏன்?"

எத்தனையோ பதில் இருந்தது. "ஷிப்மெண்ட் சீசன். கம்பெனியில வேல ஜாஸ்தி" என்றேன். நல்லசிவத்துக்கு மட்டும் உண்மைக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை நான் எத்தனை நேரம் படியில் இருந்தேன் என்று சரசக்கா சொல்லாமலா இருந்திருப்பார்? தம்ளரை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அழுவாதீங்க. வெள்ளிக்கெழம எண்ணெய் வெச்சுத் தலைக்கு ஊத்தோணும். ஆறுன சோத்தப் போடக்கூடாது. வயசுக்கு வந்தா மொதப் போன் எனக்கு வரோணும், உங்கக்காவுக்கு இல்ல. சனி ஞாயிறு எங்கிட்ட. முழுப்பரீட்சை லீவுல பாதி எங்கிட்ட" என்றேன். "சரி" என்றார். "எல்லாம் சரி." தலையை ஆட்டினார். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் பற்றிக்கொண்டு வரவில்லை.

உமாபதி வக்கீல் எழுதிக்கொண்டார். நல்லசிவம் வீட்டை விட்டுப் போய் ஒரு வருடம் ஆனதும், ஆடிக்குப் பிறகு, இதையே மனுவாகக் கொடுக்கலாமாம்.

அண்ணனிடம் சொன்னேன். "பைத்தியமாடி உனக்கு? பெத்தவதானே நீ!" என்று போனிலேயே கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். அதன் பிறகு கொஞ்சம் மனசு லேசாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிள்ளையிடம் சொல்லும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று ஹசீனா மேடம் சொல்லியிருந்தார். அவர் வாரம் முடிந்து என் வாரம் தொடங்கும் நேரம், பொழுது சாய, கூடத்தில் உட்கார்ந்தோம். தாரிகா எதிரில், கையை மடியில் வைத்துக்கொண்டு.

அவர்தான் தொடங்குவதாக ஏற்பாடு. "பாப்பா, அது வந்து..." என்று இழுத்தார், அதற்கு மேல் வரவில்லை. என் முன்னால் வராத பேச்சு இன்றைக்கு மட்டும் வந்துவிடுமா?

நானே சொன்னேன். "கண்ணு, லீவு முடிஞ்சதும் நீ அப்பாகூட இருக்கப் போற. இதே வீடுதான். சனி ஞாயிறு எங்கிட்ட வந்துரோணும். அம்மா பக்கத்துத் தெருவுலயே வீடு பாத்துக்கறேன்."

தாரிகா முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் நிஜமாகச் சொல்கிறேனா, சோதித்துப் பார்க்கிறேனா என்று பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப நீங்க தனியா இருப்பீங்களாம்மா?" என்றாள். குரலில் அழுகையைக் கொண்டுவரப் பார்த்தாள். கீழுதட்டைப் பற்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் கன்னம் உப்பியது, காது மடல் சிவந்தது. எவ்வளவு சிரமப்படுகிறாள், எனக்காக! கேரம் ஆட்டத்தைவிட இது அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"பால் பொங்குது பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பின்னால் அவள் சிரிப்பது கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்ட. அவள் சிரித்து முடிக்கட்டும் என்று, அணைந்த அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றேன்.